அடிநூல்

லாரிக் கதவைப் போட்டோ பிடித்து
வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார் பொங்கியண்ணன்.
'இதுதானுங்க லோகோ. சட்டை இருநூத்தி நாப்பது.
பசங்க ராய்ப்பூர் வண்டிக்குப் போறாங்க,
வெள்ளிக்கெழமைக்குள்ள வேணுமுங்க.'

படத்தில் பாதி வெயில், பாதி சேறு.
பொன்னாச்சி போர்வெல்ஸ்.
ஐந்து புள்ளி இருக்கவேண்டிய பெயரில்
ஆறு.
பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது.
எது எழுத்து, எது சத்தீஸ்கர் மண்?
போன் போட்டுக் கேட்டேன்.
'நாலாவது சேறுங்க' என்றார்.
கொஞ்சம் யோசித்து,
'அஞ்சாவதோ என்னமோ, வண்டி இப்ப இங்க இல்லீங்க.'
எழுத்துக் கூட்டி
நானே ஒன்றைத் துடைத்தேன்.

திருப்பூர் பி.என். ரோட்டு மாடி,
நெஞ்சுப் பைக்கு மேல் மூன்றரை அங்குலம் இடம்.
அதற்குள் அவருக்கு லாரி வேண்டும், ரிக் வேண்டும்,
பின்னால் செங்கோட்டு மலை,
மலைக்குப் பின்னால் சூரியன், மூன்று செல் நம்பர்,
ரிக்கைவிட உயரமாய்ப் பீய்ச்சுகிற தண்ணீர்.

நம்பரை எடுத்தேன்.
அந்த அளவில் எட்டெல்லாம் அடைத்துக்கொண்டு
நசுக்கிய கொசுவாகிவிடும் என்றேன்.
'ஒரு நம்பராச்சும்ங்க...'
முதுகில் பிரிண்ட் போடுவதாக முடிந்தது.
சக்கரத்தின் நட்டுகளை எடுத்தேன், மலையின் படிகளை எடுத்தேன்.
புள்ளிகளை மட்டும் தொடவில்லை;
புள்ளி போனால் போரவெலஸ.
சூரியனை முட்டையாக வரைந்தேன்.
நூல் இழுக்கும், துணி சுருங்கும்,
முட்டை வரைந்தால்தான் வட்டம் வரும்.
நாமக்கல் பக்கத்து ஆளுக்கு
முட்டையைப் பற்றி நான் விளக்க வேண்டியிருந்தது.

சிவப்பு மெல்ல மஞ்சளாகிற வானத்தையும் விட்டுவிட்டேன்.
நூல் கரையாது.
ஒன்று முடியும், கத்தி வெட்டும், அடுத்தது தொடங்கும்.

தண்ணீருக்கு மட்டும் ராத்திரி பதினொன்று ஆனது.
நீலம், கீழிருந்து மேலாக,
போகப் போக அடர்த்தி குறைத்து.
எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து நானூறு குத்து.

காலையில் சனாதன் மாதிரி ஓட்டினான்,
பன்னிரண்டு தலையில் ஏழாவது தலையில் மட்டும்.
தண்ணீரின் உச்சியில் வெள்ளை வெள்ளையாய்ப் பொறி.
மேல்நூல் இறுக்கம்,
பாபினிலிருந்து அடிநூல் மேலே வந்துவிட்டது.
எங்கள் தொழிலில் இதற்கு ஒரே பெயர், டேமேஜ்.

கசக்கிப் போடும் முன்னால்
பொங்கியண்ணன் படியேறி வந்துவிட்டார்.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் தடவி,
'இந்த நுரைய எப்படீங்க போட்டீங்க?'

நுரை இல்லீங்க, அடிநூல். தப்பு.

'அடியில இருந்துதானுங்க வரும்.
ஆயிரத்தி நூறு அடிக்கும் வெறும் புழுதி, புழுதி.
அப்புறம் ஈரமா ஒரு கட்டி.
அப்புறம் பாருங்க,
மொதத் தண்ணி நீலமாவா வரும்? வெள்ளையாத்தான் வரும்.
தோட்டத்துக்காரரு செருப்பைக் கழட்டிருவாரு.
இது இப்படியே இருக்கட்டும்ங்க.'

இப்படியே இருக்க வைப்பதுதான் கஷ்டம்.
தப்பு தானாக ஒருமுறை வரும்.
இருநூற்று நாற்பது முறை வேண்டுமென்றால்
வரைய வேண்டும்.
ஆறாம் ஊசியில் வெள்ளை ஏற்றினேன்.
முந்நூற்றுப் பத்துத் தையல்.
கம்ப்யூட்டர் வரிசையாய் நட்டதை
ஒவ்வொன்றாய் இழுத்துக் கலைத்தேன்.
சட்டைக்கு நாலு ரூபாய் கூடும் என்றேன்.
'நேத்து சும்மா வந்துச்சேங்க!'
ரெண்டு ரூபாய்க்கு முடிந்தது.

வியாழன் மதியம் மெஷின் ஓடுகிறது.
பன்னிரண்டு தலையும் சேர்ந்து இறங்க
தரை அதிர்ந்து டீ டம்ளர் நகர்கிறது.
ஏழாவது தலையின் இறுக்கத்தைச் சனாதன் இன்னும் தளர்த்தவில்லை.
நானும் சொல்லவில்லை.
இருபது சட்டையில்
வரைந்த நுரையும் வந்த நுரையும் கலந்து கிடக்கும்.
எது எதுவென்று
ராய்ப்பூரிலிருந்து யாரும் போன் போட்டுக் கேட்கப்போவதில்லை.